ஒரு மாடி இறங்க 35 யூரோ

எங்கள் கட்டடத்தில் மொத்தம் 64 படிகள். எண்ணியது நான் இல்லை, என் மாமியார். மாடிக்குப் பதினாறு வீதம் நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. 2014 ஆகஸ்ட்டில் குடிவந்தபோது அத்தைக்கு 63 வயது. சந்தையில் கீரையும் சௌசௌவும் வாங்கி, இரண்டு கையிலும் பையோடு, பேச்சை நிறுத்தாமல் ஏறி வருவார். இப்போது 74. ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று "பதினாறு", "முப்பத்தி ரெண்டு" என்று வாய்விட்டுச் சொல்வார். அதற்குமேல் எண்ணிக்கை கேட்காது, மூச்சு மட்டும் கேட்கும்.

வீடு மாற்றவேண்டும் என்று மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சோடு சரி. 2025 பிப்ரவரி 28 காலை எங்கள் ரெயூனியன் தீவில் கரான்ஸ் புயல் வந்து அந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு கட்டியது. சிவப்பு எச்சரிக்கை அதைவிடக் கடுமையான ஊதாவாக மாறியபோது நாங்கள் ஐந்து பேரும் நடைவழியில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். கூடத்து ஜன்னல் சட்டம் வழியாக மழை பக்கவாட்டில் உள்ளே வந்தது. மேலிருந்து சொட்டினால் பாத்திரம் வைக்கலாம், பக்கவாட்டில் வருவதற்கு என்ன வைப்பது? ஆனால் எங்களை உடைத்தது புயல் இல்லை, அதற்குப் பிறகு வந்த நாட்கள். மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. வண்டியில் வந்த தண்ணீரைக் கேனில் பிடித்து நான்கு மாடி தூக்கினோம். கழிப்பறைக்கு ஒரு கேன், சமையலுக்கு ஒரு கேன், குளிக்க அரைக் கேன். மூன்றாம் நாள் எங்களுக்குத் தெரியாமல் அத்தை ஒரு ஐந்து லிட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிவரை வந்து, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். என் பெரியவன்தான் பார்த்தான்.

"கீழ் வீடு ஒண்ணு பாரும்மா," என்றார் அன்று ராத்திரி. அத்தை எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. பதினோரு வருடத்தில் என்னிடம் நேராகக் கேட்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். வீடு தேடும் முன் எங்கள் வாடகைக் கணக்கை எடுத்து உட்கார்ந்தேன். கூடமும் இரண்டு படுக்கையறையும், இங்கே எஃப்3 என்பார்கள், 62 சதுர மீட்டர். குடிவந்தபோது 620 யூரோ. 2025 மார்ச்சில் 702. எங்கள் வீட்டுக்காரர் அந்த இரண்டை அவராகவே விட்டுவிட்டார், கையில் வாங்குவது 700. பத்தரை வருடத்தில் 80 யூரோ. வருடத்துக்கு எட்டு யூரோகூட இல்லை. ஆனால் கோயிலில், கடையில், பள்ளி வாசலில் யாரைக் கேட்டாலும் "வாடகையெல்லாம் எங்கியோ போயிடுச்சு" என்கிறார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். என் ரசீதுகளும் பொய் சொல்லவில்லை.

கொஞ்சம் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ரெயூனியன், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தீவு. அதன் தலைநகர், வரைபடத்தில் செயிண்ட் டெனிஸ் என்றிருக்கும், வாயில் சேன் தெனி. நகரத்தில் ஒன்றரை லட்சம் பேர் சொச்சம். பக்கத்து சேந்த் மரி, சேந்த் சூசான் இரண்டையும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டத் தலைநகர் அளவுதான். முன்னால் கடல், பின்னால் சுவர் மாதிரி எழுந்து நிற்கும் மலை, நடுவில் ஊரை அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்குகள். தீவின் பரப்பில் 42 சதவீதம் 2007 முதல் தேசியப் பூங்கா, அதில் ஒரு செங்கல் வைக்க முடியாது. மீதியில் கரும்புக்குக் கொஞ்சம், எரிமலைக்குக் கொஞ்சம். வீடு கட்ட இடம் எங்கே என்று கேட்டால் மேலே, மலைச்சரிவில் என்பதுதான் பதில். மேலே போனால் கார் வேண்டும், கார் இருந்தால் காலை ஆறரைக்கே நெரிசல்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவிடம் போனபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்ட குடும்பம். இந்தத் தீவில் எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம்தான். தமிழ் வம்சத்தில் வந்த மலபார்கள்தான் ஏராளம், 1848க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் பேசுவது தீவின் மொழியான கிரேயோல், சாமி கும்பிடும்போது மட்டும் தமிழ். எங்கள் வீட்டுக்காரரும் மலபார்தான். தமிழில் அவருக்கு வணக்கம் தெரியும், கோவிந்தா தெரியும், சாம்பார் தெரியும்.

அவர் வாடகை ஏற்றாததற்குக் காரணம் நல்ல மனசு மட்டும் என்று சொன்னால் சட்டத்துக்கு மரியாதை இல்லாமல் போகும். 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருப்பவரின் வாடகையை வருடத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம், அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். எவ்வளவு என்பதையும் வீட்டுக்காரர் தீர்மானிக்க முடியாது. அரசுப் புள்ளியியல் நிறுவனமான இன்சே காலாண்டுக்கு ஒருமுறை ஒரு வாடகைக் குறியீட்டெண் வெளியிடும். விலைவாசியிலிருந்து புகையிலையையும் வாடகையையும் கழித்து எடுக்கும் எண் அது. அது ஏறிய அளவுக்குத்தான் வாடகை ஏறலாம். 2022இல் விலைவாசி எகிறியபோது அந்த எண்ணுக்கே ஒரு மூடி போட்டார்கள்: பிரான்ஸ் பெருநிலத்தில் 3.5 சதவீதம், எங்களைப் போன்ற கடல்கடந்த மாவட்டங்களில் 2.5. இன்னொரு விதியும் உண்டு. ஏற்றத்தை ஒரு வருடத்துக்குள் கேட்காவிட்டால் போனது போனதுதான், பிறகு பழைய பாக்கி என்று வரமுடியாது. எங்கள் வீட்டுக்காரர் 2017லும் 2020லும் மறந்தார். நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

இதெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு. எழுந்தால் நாற்காலி போய்விடும். வீடு காலியாகி அடுத்தவர் வரும்போது புது ஒப்பந்தம், புது விலை. அப்போது வீட்டுக்காரர் பதினோரு வருடத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் ஏற்றிக்கொள்வார். ஆகவே இந்த ஊரில் "வாடகை எவ்வளவு" என்று கேட்பதில் அர்த்தமில்லை. "எந்த வருசம் குடிவந்தீங்க" என்று கேட்கவேண்டும்.

இது எனக்குக் காகிதத்தில் புரிந்திருந்தது. காலால் புரிந்தது மார்ச் முதல் ஜூலை வரை.

முதலில் பார்த்தது லா ப்ரெத்தாஞ் பக்கம் ஒரு கா அத்தேர். தரையோடு தரையாக நிற்கும் தனிவீட்டுக்கு கிரேயோலில் அப்படிப் பெயர், இந்தத் தீவில் எல்லாருக்கும் அதுதான் கனவு. முன்னால் திண்ணை மாதிரி வராந்தா, பின்னால் ஒரு கறிவேப்பிலைச் செடி. செடியைப் பார்த்ததும் அத்தை முகம் மலர்ந்தது. இரண்டு படுக்கையறை, தகரக் கூரை, சமையலறைச் சுவரில் புயலின் ஈரம் காயாமல் வரைபடம் போட்டிருந்தது. 1,050 யூரோ. அத்தை கறிவேப்பிலையில் ஒரு கொத்து ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டு "வாம்மா போலாம்" என்றார். அந்த வீட்டிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இரண்டாவது மூஃபியாவில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், லிஃப்ட் உள்ள கட்டடம். 60 சதுர மீட்டர், 880 யூரோ. விளம்பரத்தின் முதல் வரியே "பப்பாங்கிலிருந்து ஐந்து நிமிடம்". பப்பாங் இந்தத் தீவின் பருந்து. 2022 மார்ச்சில் திறந்த கம்பிவட ஊர்திக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஷோத்ரோனிலிருந்து புவா த நெஃப்ல் வரை 5 நிலையங்கள், கால் மணிநேரத்துக்குள் போய்விடலாம். தொட்டியில் உட்கார்ந்து கீழே பார்த்தால் நெரிசலில் நிற்கும் கார்கள் தெரியும், மனசுக்கு ரொம்ப நல்லது. நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்கும் சேர்த்து விலை போடுகிறார்கள்.

வீட்டைக் காட்டிய ஏஜென்சிப் பெண்ணிடம் உரிமையாளர் யார் என்று கேட்டேன். பிரான்ஸ் பெருநிலத்தில், லியோன் நகரத்தில் இருக்கிறாராம். வீட்டைப் பார்த்ததே இல்லையாம். இது இங்கே அதிசயமில்லை. 1986இல் போன்ஸ் சட்டம், 2003இல் ஜிரார்தேன், பிறகு பினெல் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிச்சலுகைச் சட்டங்கள் வந்தன. கடல்கடந்த பகுதியில் புது வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் வருமான வரியில் கழிவு. பினெல் சட்டத்தில் எங்கள் பகுதிக்குப் பன்னிரண்டு வருடம் வாடகைக்கு விட்டால் வீட்டு விலையில் 32 சதவீதம்வரை கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2023இலிருந்து குறைத்துக்கொண்டே வந்து 2024 டிசம்பர் 31ஓடு மூடிவிட்டார்கள். அந்தச் சலுகைகளால்தான் இங்கே அடுக்குமாடிகள் எழுந்தன, அதை மறுக்கமுடியாது. ஆனால் யாரோ ஒருவருடைய வரிக் காகிதத்துக்காகக் கட்டிய வீட்டில் பால்கனி எந்தத் திசையில் என்று யார் பார்ப்பது? இது தென்கோளம், வருடத்தின் பெரும்பகுதி உச்சிவெயில் வடக்கிலிருந்து வரும். அந்த வீட்டில் துணி காயப்போடும் இடம் தெற்கே. கட்டாய வருடங்கள் முடிந்ததும் விற்றுவிடுவார்கள். விற்பதற்காகக் காலி செய்யச் சொன்னால் ஆறு மாத அவகாசமும் வாங்கும் முன்னுரிமையும் குடியிருப்பவருக்கு உண்டு. முன்னுரிமை உண்டு, பணம்?

இருந்தாலும் விண்ணப்பித்தோம். வாடகையைப்போல் மூன்று மடங்கு வருமானம் காட்டவேண்டும், 2,640. என் சம்பளம், இவர் சம்பளம் இரண்டும் சேர்த்து நூறு நூற்றைம்பது குறைந்தது. அத்தையின் பென்ஷனைச் சேர்க்கலாமா என்று கேட்டோம். அப்படியானால் அவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். அத்தைக்குக் கையெழுத்துப் போடப் பிடிக்கும், பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு எழுத்தில் வளைத்து வளைத்துப் போடுவார். சம்பளச் சீட்டுகள், வரி அறிக்கை, வாடகை ரசீதுகள் எல்லாம் அனுப்பினோம். நான் எனக்குள் ஒரு கணக்கும் போட்டுவைத்தேன்: முன்பணம் ஒரு மாதம் 880, முதல் மாதம் 880, ஏஜென்சிக்கு 660, ஆகமொத்தம் 2,420, அதோடு பழைய வீட்டுக்கு முன்னறிவிப்புக் காலத்தின் வாடகை. ஒன்பதாம் நாள் ஒரு குறுஞ்செய்தி. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். காரணம் எழுதவில்லை, கேட்டதற்கும் பதில் இல்லை.

அந்த வேறொருவர் யாராக இருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. இங்கே பள்ளி ஆண்டு ஆகஸ்ட் நடுவில் தொடங்குகிறது. ஜூன், ஜூலையில் பெருநிலத்திலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் அதிகாரிகளும் வீடு தேடுவார்கள். தீவில் வேலை பார்க்கும் அரசு ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தின்மேல் 53 சதவீதம் கூடுதல், விலைவாசிக்காக. விலைவாசி கூடுதல்தான், இன்சே 2022இல் கணக்கெடுத்தபோது பிரான்சைவிட ஏறக்குறைய 9 சதவீதம், சாப்பாட்டுச் சாமான் மட்டும் என்றால் மூன்றில் ஒரு பங்குக்குமேல். ஆனால் அந்த விலையில் அரிசி வாங்கும் எல்லாருக்கும் 53 கிடைப்பதில்லை. தீவில் மூன்றில் ஒருவருக்குமேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே. ஒரே வீட்டுக்கு இந்த இரண்டு வரிசையும் ஒன்றாக நிற்கும்போது விலையை எந்த வரிசை தீர்மானிக்கும் என்று ஏஜென்சிக்குத் தெரியும்.

சமூக வீட்டுவசதிக்கும் பதிந்தோம். ஒரு நீளமான எண் கொடுத்தார்கள், வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்கிறோம்.

இந்தச் சமயத்தில்தான் என் சொந்தக் கட்டடத்தையே நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். ஐந்து தளம், பத்து வீடு, ஒரே உரிமையாளர். முதல் மாடியில் ஒரு கிரேயோல் அம்மாள் இருக்கிறார், 1998இல் கணவர், மூன்று பிள்ளைகளோடு வந்தவர். நான்கு அறை வீடு. கணவர் போய்விட்டார், பிள்ளைகள் ஒருவர் மர்சேயில், ஒருவர் துலூஸில், ஒருவர் தீவின் தெற்கே. மூன்று படுக்கையறையில் ஒன்றில் அவர் தூங்குகிறார், ஒன்றில் துணி தேய்க்கிறார், ஒன்றின் கதவு திறப்பதில்லை. சின்ன வீட்டுக்குப் போனால் பெருக்குகிற வேலையாவது மிச்சம் என்று அவருக்கே ஆசை. விசாரித்தாராம். ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கேட்கும் வாடகை, அவர் இப்போது நான்கு அறைக்குக் கட்டுவதைவிட அதிகம். "பெரிய வீட்டிலேயே ஏழையாக இருந்துவிட்டுப் போகிறேன்" என்றார் சிரித்துக்கொண்டு. இரண்டாம் மாடியில் ஒரு எஃப்2வில் ஆறு பேர். அவர்களுக்கு நடுவே ஒரு கான்கிரீட் தளம்தான் இருக்கிறது, ஆனால் பண்டமாற்று நடக்காது. புள்ளிவிவரத்தில் இந்தக் கட்டடத்தின் சராசரி வாடகை அமைதியாக, ஒழுங்காக ஏறிக்கொண்டிருப்பதாகத் தெரியும்.

தரைத்தளத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே நான்கு மாடி தள்ளி, அச்சாக எங்கள் வீடு மாதிரியே ஒரு வீடு. அதே 62 சதுர மீட்டர், சமையலறை ஓடுகூட அதே வெளிர்பச்சை. 2024 ஆகஸ்ட்டில் அங்கே ஒரு இளம் ஆசிரியர் வந்திருந்தார். பெருநிலத்து வெள்ளைக்காரர், இங்கே சோரேய் என்பார்கள். குப்பைத் தொட்டி அருகில் பார்க்கும்போது பேசிப் பழக்கம். ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன், வாடகை எவ்வளவு என்று. 890. அவருக்கும் கூச்சமில்லை, எங்களுடையதைக் கேட்டார். சொன்னேன். குப்பைப் பையைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றார்.

"உங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியுமா?" என்றார்.

தெரியும், பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டினால்.

இப்படித்தான் அந்த யோசனை பிறந்தது. அவருக்கு 28 வயது, ஞாயிற்றுக்கிழமை மலை ஓடுகிறவர், 64 படி அவருக்கு ஒரு பொருட்டா? எங்களுக்குத் தரை வேண்டும், அவருக்குக் கடலும் குறைந்த வாடகையும் வேண்டும். வீட்டை மாற்றிக்கொண்டால் என்ன?

அன்று ராத்திரி 1989 சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதாவது பிரிவில் இருக்கிறது! ஒரே உரிமையாளரின் ஒரே குடியிருப்பில் இரண்டு வாடகைதாரர்கள் வீட்டை மாற்றிக்கொள்ளலாம், உரிமையாளர் தடுக்கமுடியாது, அவர்களைப் புதிதாக வந்தவர்களாகவும் கருதமுடியாது. அதாவது அந்தந்த வீட்டின் பழைய வாடகையே. இவரை எழுப்பிவிட்டேன். பிறகுதான் வாக்கியத்தின் மீதியைப் படித்தேன்: ஒரு குடும்பத்திலாவது மூன்று பிள்ளைகள் இருக்கவேண்டும், மாற்றிக்கொள்வதால் அந்தப் பெரிய குடும்பத்துக்கு இடம் கூடவேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு. வீடுகள் ஒரே அளவு.

"ஒண்ணு குறையுது," என்றேன்.

"அதுக்கு இப்ப ஒண்ணும் பண்ண முடியாது," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆக, வீட்டுக்காரர் சம்மதித்தால்தான். ஜூலையில் ஒரு சனிக்கிழமை அவரைக் கூப்பிட்டோம். எழுபது வயது, பருத்த உடம்பு. மூன்றாம் மாடியிலேயே அவர் வருவது காதில் விழுந்தது. உள்ளே வந்ததும் அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கொஞ்சநேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அத்தை விசிறியை அவர் பக்கம் நீட்டினார்.

நான் கணக்கை வைத்தேன். எங்கள் 700, கீழ்வீட்டு 890, கூட்டினால் 1,590. இடம் மாறினாலும் அவருக்கு அதே 1,590 வரும், ஒரு சல்லி நஷ்டமில்லை. அவர் தேநீரை உறிஞ்சிவிட்டுச் சொன்னார், நீங்கள் காலி செய்தால் இந்த வீட்டுக்கு 850 கிடைக்குமே மதாம். அப்புறம் அவர் கணக்கு வந்தது. நிலவரி, காப்பீடு, கரான்ஸுக்குப் பிறகு மொட்டைமாடிக்கு நீர்க்காப்பு, கப்பலில் வரும் ஒவ்வொரு ஜன்னல் சட்டத்துக்கும் துறைமுகத்தில் கட்டும் கடல்வரி. "நான் என்ன லியோன்காரனா?" என்றார். அதில் நியாயம் இருந்தது. ஜன்னலை ஏப்ரலிலேயே மாற்றிக் கொடுத்திருந்தார், முன்னால் நின்று பார்த்தார்.

பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. அவருடைய பாட்டனார் தோட்டத்துக் காம்பில் பிறந்தவராம். லயம் மாதிரி வரிசை அறைகள். வாடகை கிடையாது, வேலையை விட்டால் வீடும் கிடையாது. 1962இல் ஜென்னி புயலில் அவர்கள் கூரை பறந்ததும் பிப்ரவரி 28தான் என்றார். அதே தேதி. அந்தப் புயலுக்குப் பிறகுதான் ஷோத்ரோனில் அரசுக் குடியிருப்புகள் வரிசையாக எழுந்தன, குடிசைக்காரர்களை அங்கே குடியேற்றினார்கள். அவர் அப்பாவுக்கு அங்கே வீடு தருவதாகச் சொன்னபோது, மாடியில் கோழி வளர்க்கமுடியாது என்று மறுத்துவிட்டாராம். மறுத்துவிட்டுப் பிடித்துக்கொண்ட துண்டு நிலம்தான் இந்தக் கட்டடம் நிற்கும் இடம்.

புதுச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன். ரெயூனியனின் செனட்டர் ஓத்ரே பெலிம் கொண்டுவந்து 2025 ஜூன் 13இல் சட்டமானது. கடல்கடந்த பகுதிகளில் நகராட்சிகள் விரும்பினால் சோதனை முறையில் புது ஒப்பந்தங்களுக்கும் உச்சவரம்பு வைக்கலாம். பாரிஸில் இருப்பதுபோல ஒப்பீட்டுக்கு ஒரு அடிப்படை வாடகை, அதற்குமேல் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அவர் கையை ஆட்டினார். வரட்டும் பார்க்கலாம் என்று அர்த்தம். எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். வாடகைக்கு மூடி போட்டால் வீடுகளின் எண்ணிக்கை கூடிவிடாது. ஆனால் எழுந்தவனின் நாற்காலி விலை ஒரே ராத்திரியில் கால்பங்கு ஏறுவதையாவது அது கொஞ்சம் இழுத்துப்பிடிக்கும், நாலு பேர் எழுந்து நடமாடுவார்கள். முதல் மாடி அம்மாள் எழுந்தால் இரண்டாம் மாடி ஆறு பேருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கிளம்பும்போது வாசலில் நின்று விலையைச் சொன்னார். ஆசிரியர் மேலே, 800. நீங்கள் கீழே, 840. அவருக்கு மாதம் 50 கூடுதல், ஆசிரியருக்கு 90 மிச்சம், எங்களுக்கு 140 அதிகம். மூன்று பேரில் இரண்டு பேருக்கு லாபம், இதைவிட நல்ல கணக்கு உண்டா என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கீழே பார்த்தார், இறங்கவேண்டிய 64 படிகளை.

140ஐ நாலால் வகுத்தேன். மாடிக்கு 35 யூரோ.

அத்தையிடம் 80 என்று சொல்லிவைத்தோம். நம்பவில்லை. "எம் பென்ஷன்ல குடுங்க மீதிய" என்றார், எவ்வளவு மீதி என்று கேட்காமலே.

ஆகஸ்ட் கடைசியில் ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் எத்தா த லியூ நடந்தது. குடிபோகும்போதும் காலி செய்யும்போதும் வீட்டின் நிலையைச் சுவர் சுவராக எழுதிக் கையெழுத்துப் போடும் சடங்கு அது. இரண்டும் ஒத்துப்போனால் ஒரு மாதத்துக்குள் முன்பணம் முழுதாகத் திரும்பும், வேறுபாடு இருந்தால் இரண்டு மாதம்வரை ஆகலாம், பிடித்தமும் உண்டு. வீட்டுக்காரர் கையில் 2014ஆம் வருடத்துத் தாள், என் எழுத்துதான். கூடம்: ஆணித் துளை 2. இப்போது 9. ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பிள்ளையார் படம், மாமனார் படம், நாள்காட்டி, பள்ளிச் சான்றிதழ்... சமையலறை மேடையில் அம்மி இருந்த இடத்தில் ஒரு வெளிறிய வட்டம், குழாயடியில் மஞ்சள் கறை. அதில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வாசல்படியில் பதினோரு வருடம் கோலம் போட்ட இடத்தில் சிமென்ட் மட்டும் தனியாக வெளுத்திருந்தது. அதன் முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்பநேரம் நின்றார். பிறகு "இயல்பான தேய்மானம்" என்று எழுதினார். பிள்ளையார் ஆணியைப் பிடுங்கவேண்டாம் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார், அங்கே அவர் சைக்கிளை மாட்டப் போகிறாராம். அந்த ஆணி தாங்காது என்று இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

கீழே வந்து இரண்டு மாதம் ஆகிறது. அத்தை தினமும் தெருமுனைவரை நடக்கிறார். கொசு அதிகம். சிக்குன்குனியா தீவையே முடக்கிப்போட்ட வருடம் இது, சாயங்காலம் நாலரைக்கே ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். பக்கத்து வீட்டு லிச்சி மரம் எங்கள் ஜன்னலை அடைத்து நிற்கிறது, பகலிலும் விளக்கு. துணி காய இரண்டு நாள்.

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது அத்தையைக் காணோம். தெருமுனையில் இல்லை, முதல் மாடி அம்மாளிடம் இல்லை. படிக்கட்டில் மேலேயிருந்து குரல் வந்தது. "நாப்பத்தெட்டு." கையில் காலி முறம். நான்காம் மாடிப் பால்கனியில் மோர்மிளகாய் காயப்போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். அங்கேதான் வெயில் இருக்கிறதாம். ஆசிரியர் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறாராம், வாரத்துக்கு மூன்று நாள் போகிறாராம்.

"மெதுவா ஏறினா ஒண்ணும் ஆவாதும்மா," என்றார்.